சேற்றுப்புண் வரவைத்த கார்

தண்ணீரைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான். வேளாண்மைத் துறையில் வேலை. ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்பே பாபநாசத்தைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போய் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி வர்ற வழிய விடப் போற வழிதாங்க முக்கியம், வடிகால அடைக்காதீங்க" என்று தொண்டை கிழியக் கத்துவேன். விவசாயிகளும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்கள். (டீயும் பிஸ்கட்டும் கொடுப்போம், அதுவும் ஒரு காரணம்.) இப்பேர்ப்பட்ட நான்தான் என் அப்பாவின் காரைத் தண்ணீரில் மூழ்கடித்தேன். ஆற்றில் இல்லை, குளத்தில் இல்லை. மேட்டில், தார் ரோட்டில், ஊரே பார்க்க.

அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்தவர். அவரைப் பெற்றவர்கள் பண்ணையில் கூலி வேலை பார்த்தார்கள். எங்கள் தெருவில் முதலில் ஸ்டியரிங் பிடித்தவர் அப்பாதான். ஓய்வு பெற்றதும் பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினார். காரை ஓட்டும்போதும் பஸ் புத்தி போகவில்லை. ஸ்டாப்பிங் வந்தால் தானாக வேகம் குறையும். நாங்கள் பின்னால் ஏறி உட்கார்ந்தால், எல்லாரும் உள்ளே வந்தாச்சா என்று கண்ணாடியில் பார்ப்பார். இடது பக்க முன் சீட் அம்மாவுக்கு. அதில் வேறு யார் உட்கார்ந்தாலும் வண்டி கிளம்பாது.

ஒரு கார்த்திகை மாதம் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். அம்மா அழவில்லை. அடக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காப்பி கிடைத்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் போன பிறகு, வாசலில் வேப்பமரத்தடியில் நின்ற காரைத் திறந்து தன் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அங்கேதான் ஜெபமாலை. சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். ஏன்ம்மா என்று கேட்டால், உள்ளே அப்பா தேய்க்கிற தைலத்தின் வாசனை இருக்கிறது என்பாள். தெருவில் சிலர் தலையில் தட்டிக்காட்டிச் சிரித்தார்கள். அவர்களைக் கடித்துக் குதற வேண்டும் போலிருக்கும் எனக்கு.

அடுத்த மழைக்காலத்தில் காருக்குள் தண்ணீர் வர ஆரம்பித்தது. எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. கண்ணாடியெல்லாம் ஏற்றித்தான் இருக்கும். காலையில் பார்த்தால் முன் சீட்டுக்குக் கீழே விரிப்பு சொதசொதவென்று கிடக்கும். பூஞ்சை பிடித்து ஒரு நாற்றம் வேறு. அம்மா அதிலேயே காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒருநாள் கால் விரல்களை விரித்துக் காட்டினாள். இடுக்கெல்லாம் வெந்துபோய்ப் புண்.

"சேத்துப்புண்ணுடி. நடவு நட்ட காலத்துல வந்தது. இப்ப காருல ஒக்காந்து வருது. வசதி வந்தா இப்புடித்தான்."

சொல்லிவிட்டு மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் போய்க் காரில் உட்கார்ந்தாள்.

சென்னையில் இருக்கும் என் அண்ணன் அந்தச் சமயம் பார்த்து வந்தான். காரின் கதவைத் திறந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான். அம்மாவுக்கு ஏற்கனவே மூச்சிரைப்பு, இந்தப் பூஞ்சையில் உட்கார்ந்தால் ஆஸ்பத்திரியில்தான் போய் நிற்கும், காரை விற்றுவிடுவோம் என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. (அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.) அம்மா காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடிக்குப் பின்னால் அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு. நானே சரிசெய்து காட்டுகிறேன் என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லிவிட்டேன்.

"அப்பா வருஷப் பூசைக்கு வருவேன். அன்னைக்கு உள்ள காஞ்சிருந்தா வச்சுக்கங்க. ஈரம் இருந்துச்சுன்னா நான் எடுத்துட்டுப் போயிடுவேன்" என்றான் அண்ணன்.

ஒர்க்ஷாப்பில் விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது புரிகிறது. கேட்டேன். சீட்டையெல்லாம் கழற்ற வேண்டும், கொஞ்ச நாள் வண்டி இங்கேயே நிற்கட்டும் என்றார்கள். சாயங்காலமானால் அம்மா எங்கே போவாள்? அதனால் நானே செல்போனில் வீடியோ பார்த்துப் படித்துக்கொண்டேன். வீடியோவில் வந்த வெள்ளைக்காரர் கதவு ரப்பர் ஓரமெல்லாம் பவுடரைத் தூவச் சொன்னார். தண்ணீர் வந்தால் தடம் தெரியுமாம். குழந்தைக்குப் போடும் பவுடரை ஒரு டப்பா முழுக்கக் கொட்டினேன். என் வீட்டுக்காரரை டார்ச் லைட்டோடு உள்ளே உட்கார வைத்து, வெளியிலிருந்து ஓஸ் பைப்பால் பீய்ச்சினேன். அவர் உள்ளேயிருந்து கையைக் காலை ஆட்டி என்னவோ கத்தினார். தடத்தைக் கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் வேகமாக அடித்தேன். பின் கண்ணாடியை ஏற்ற மறந்திருக்கிறேன். மனிதர் மாவு மில்லில் மழை பெய்தது மாதிரி இறங்கி வந்து, நேராகக் குளிக்கப் போனார். பிறகு அந்தக் கார் பக்கமே வரவில்லை.

தனியாகத் தேடினேன். பானட்டைத் திறந்தால், முன் கண்ணாடிக்குக் கீழே கறுப்புப் பிளாஸ்டிக் மூடி. அதைக் கழற்றினால் குறுக்கே ஒரு தகரப் பள்ளம். அது நிறைய மக்கிப்போன வேப்பிலை. பள்ளத்தின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஓட்டை. அதன் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நண்டு வளை!

வயல் வரப்பில் நண்டு வளை போட்டால், கட்டிய தண்ணீர் விடிவதற்குள் வடிந்துவிடும். வளையைத் தேடிப் பிடித்துச் சேற்றை அள்ளி அடைக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக ஊரார் வயலில் அந்த வேலையைச் செய்திருக்கிறோம். ஓட்டையைக் கண்டால் எங்கள் கை சும்மா இருக்காது. அந்த ரத்தம்தானே எனக்கும் ஓடுகிறது. சொட்டிய தண்ணீர் காருக்கு உள்ளே போகிறதா, வெளியே தரையில் விழுகிறதா என்று குனிந்து பார்த்திருக்கலாம். குனியவில்லை. முதுகு வலி.

ஹார்டுவேர் கடையில் சிலிகான் டியூப் வாங்கிவந்து இரண்டு ஓட்டையையும் கல்லு மாதிரி அடைத்தேன். அதோடு விட்டேனா? கதவுகளுக்கு அடியிலும் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரிந்தன. காரைச் செய்தவன் என்ன இப்படி அஜாக்கிரதையாகச் செய்திருக்கிறான் என்று திட்டிக்கொண்டே அவற்றையும் அடைத்தேன். ஸ்டியரிங் பக்கத்தில் வெளிக்காற்று வருகிற வழியையும் தள்ளி மூடிவைத்தேன். வேப்பிலையை அள்ளிப்போட மட்டும் மறந்துவிட்டேன். நாலைந்து சொம்பு தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. விரிப்பை வெயிலில் போட்டு, ஃபேன் வைத்துக் காயவைத்து மறுபடியும் விரித்தேன். அம்மா வந்து உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தாள்.

"காஞ்சுருச்சுடி" என்றாள். வேலைக்கு ஆர்டர் வந்த அன்றுகூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

வருஷப் பூசைக்கு முந்தின ராத்திரி பிடித்த மழை விடியும்வரை விடவே இல்லை. காலையில் வந்து இறங்கிய அண்ணன், செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் விரிப்பை மிதித்துப் பார்த்தான். பக்கத்தில் அம்மா ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுக்காகக் காய்ந்திருந்தது. அண்ணன் தோற்றுப்போன சிரிப்பு சிரித்து, "சரி, வச்சுக்கங்க" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. எந்தப் பிரச்சினையையும் அறிவியல் பூர்வமாக அணுக வேண்டும் என்று அவனுக்குக் கொஞ்ச நேரம் வகுப்பெடுத்தேன். கதவைச் சாத்தும்போது உள்ளே சளக் சளக்கென்று சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்றான். வாட்டர் பாட்டில் என்றேன்.

கல்லறை இருக்கும் எங்கள் பழைய ஊர்க் கோயில் ஆற்றுக்கு அக்கரையில். அம்மா புதுச் சேலை கட்டி, மாலை போட்ட அப்பா படத்தை மடியில் வைத்துக்கொண்டு தன் சீட்டில் உட்கார்ந்தாள். பின் சீட்டில் அண்ணன். நான் ஓட்டினேன். கண்ணாடியில் ஆவி படிந்து ரோடு மங்கலாக இருந்தது. பாலத்தின் ஏற்றத்தில் வண்டி ஏறிய நேரம், காற்றைப் போடு, கண்ணாடி தெளியட்டும் என்றான் அண்ணன். மூடிவைத்திருந்த வழியைத் திறந்து போட்டேன்.

ராத்திரி முழுக்க அந்தப் பள்ளத்தில் சேர்ந்து நின்ற தண்ணீர், வண்டி மூக்கைத் தூக்கியதும் எங்கே போகும்? காற்று வருகிற வழியாக உள்ளே வந்தது. முதலில் ஒரு வேப்பிலை பறந்துவந்து அம்மாவின் நெற்றியில் ஒட்டியது. அடுத்து மடை திறந்துகொண்டது. முகத்தில் பீய்ச்சி அடிக்க, கால்மாட்டில் அருவியாகக் கொட்ட, அம்மா இரண்டு கையாலும் அப்பா படத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பிரேக்கை மிதித்தேன். எந்த ஒயரில் தண்ணீர் போனதோ, ஹாரன் தானாக அலற ஆரம்பித்தது; நிறுத்தவே முடியவில்லை. அதோடு எஞ்சின் அணைந்துவிட்டது. நட்டநடுப் பாலம். பின்னால் ஒரு டவுன் பஸ், அதற்குப் பின்னால் உலகத்து வண்டியெல்லாம்.

பஸ்ஸிலிருந்து கண்டக்டர் சண்டைக்கு ஆயத்தமாக இறங்கி வந்தார். அண்ணன் பானட்டைத் திறந்து கைக்குக் கிடைத்த ஒயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். ஹாரன் நின்றது. சொட்டச் சொட்ட இறங்கிய அம்மாவைப் பார்த்தார் கண்டக்டர். அவள் கையிலிருந்த படத்தைப் பார்த்தார்.

"நம்ம டிரைவர் அண்ணன் வீடுங்களா?" என்றார். "ஏறுங்கம்மா. கோயில் வாசல்ல எறக்கி விட்றோம்."

பஸ்ஸில் இருந்தவர்களே இறங்கிவந்து காரைத் தள்ளிப் பாலத்துக்கு அப்பால் ஓரங்கட்டினார்கள். பஸ்ஸில் அம்மாவுக்கு முன் சீட்டைக் காலிசெய்து கொடுத்தார்கள், டிரைவருக்கு இடது பக்கம். படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். நான் பின்னால் நனைந்த கோழி மாதிரி நின்றேன்.

அப்பா பஸ் ஓட்டிய காலத்தில் அம்மா அதில் ஏறினால், தெரியாதவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். டூட்டியில் சொந்தபந்தம் கூடாதாம். பஸ்ஸில் அவர் பக்கத்து முன் சீட்டில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. பஸ் கிளம்பி டிரைவர் கியர் போட்டதும் அம்மா அழத் தொடங்கினாள். ஒரு வருஷமாக அழாதவள். வாய்விட்டு, மாரில் அடித்துக்கொண்டு, "என்னை உட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று அழுதாள். யாரும் தேற்றப் போகவில்லை. டீச்சர் மாதிரி இருந்த ஒரு பெண் தன் முந்தானையால் அம்மாவின் தலையைத் துவட்டிவிட்டார். கோயில் வரும்வரை டிரைவர் ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை.

பூசை முடிந்து, கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் காரிடம் திரும்பினோம். நான் ஸ்க்ரூ டிரைவரால் அந்தச் சிலிகானைக் குத்தினேன். குபுகுபுவென்று தண்ணீர் வண்டிக்கு அடியில் இறங்கி, ரோட்டில் ஓடிப் பக்கத்து வயலுக்குள் போனது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மழைத் தண்ணீர் வெளியே போவதற்காகவே வைத்த ஓட்டைகள் அவை. இலை மக்கி அடைத்ததால்தான் காற்று வழியாக உள்ளே வழிந்திருக்கிறது. இலையை அள்ளியிருந்தால் போதும். கதவை ஒவ்வொன்றாகக் குத்தினேன். ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொட்டியது.

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

"மைக்குல ஏதோ சொல்லுவியே, அதை எனக்கு ஒரு தடவ சொல்லு" என்றான்.

ஆனாலும் அவன் நல்லவன். இப்போதுதான் காரணம் தெரிந்துவிட்டதே, ஒயரை மாற்றிச் சரிசெய்துவிடலாம், விற்க வேண்டாம் என்று அவனே அம்மாவிடம் சொன்னான். அம்மா காருக்குள் தலையை விட்டு, கண்ணை மூடி, மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"வேணாம்ப்பா, வித்துரு. இதுல இப்ப பவுடர் வாசமும் சேத்து நாத்தமுந்தான் இருக்கு. அவுங்க இல்ல."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த வாசனையைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் செய்தேன். கடைசியில் கழுவி விட்டவளும் நானேதான். ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். அம்மாதான் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அண்ணன் எனக்கு அழகாகக் காகிதம் சுற்றி ஒரு பரிசு தருகிறான். பிரித்தால் சிலிகான் டியூப். பாத்ரூமில் தண்ணீர் தேங்கினால் என் பிள்ளைகள் முதலில் என்னைத்தான் விசாரிக்கிறார்கள். கதை என் ஆபீஸ் வரைக்கும் போய்விட்டது. நான் மைக்கைத் தொட்டாலே கூட வேலை பார்ப்பவர்கள் குனிந்துகொண்டு சிரிக்கிறார்கள்.

அம்மாவின் கால் ஆறிவிட்டது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால், சாயங்காலமானால் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு ஏறிவிடுகிறாள். பாபநாசத்திலிருந்து கும்பகோணம், அங்கே இறங்காமல் அதே வண்டியில் திரும்பி பாபநாசம். அந்த முன் சீட்டை அவளுக்கென்று விட்டுவிடுகிறார்கள். ஏதாவது வாங்கிவர வேண்டுமா என்று கேட்க அந்த நேரத்தில் போன் செய்தால் எனக்குத் திட்டு விழும்.

"ஒங்கப்பா கூட இருக்கேன்ல. எறங்குனதும் பேசுறேன், வையி."