ஆறு மணிக்குள் சாப்பிடச் சொல்லும் இயந்திரம்

அன்பும் மரியாதையும் உள்ள கனகமாலா அத்தைக்கு,

திருவண்ணாமலையிலிருந்து உங்கள் அண்ணன் மகள் தீக்ஷா எழுதிக்கொள்வது. தாம்பரத்தில் நீங்களும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று இந்த இடத்தில் எழுத வேண்டும் என்று தமிழ் மிஸ் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதனால் எழுதிவிட்டேன். இனிமேல் எழுதப்போவது உண்மை.

அத்தை, பக்கத்தில் யாராவது இருந்தால் தயவுசெய்து வேறு அறைக்குப் போய்விட்டுப் படியுங்கள். கணக்கு நோட்டின் நடுப்பக்கங்களைப் பின்னைக் கழற்றி எடுத்து எழுதுகிறேன். ஓரத்தில் கிழித்தால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். மணி பதினொன்றேகால். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். என் போன் பரீட்சை முடியும்வரை பீரோவில் இருக்கிறது. அப்பா போனில் பேசலாம் என்றால், இந்த வீட்டில் எந்தப் போனை எடுத்தாலும் அண்ணனுடைய இயந்திரம் கேட்டுக்கொண்டிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. தபால் பெட்டிக்குக் காது கிடையாது. அதனால்தான் கடிதம்.

வீரேந்திரன் அண்ணன் பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வந்து, நம் மாடி அறையில் கம்பெனி ஆரம்பித்தது உங்களுக்குத் தெரியும். அங்கே என்ன செய்கிறான் என்பதுதான் யாருக்கும் தெரியாது. லாட்ஜுக்கு வரும் போனை மனிதருக்குப் பதிலாக ஒரு ஏஐ எடுத்துப் பேசும். ரூம் இருக்கிறதா, வாடகை எவ்வளவு, கோயில் எவ்வளவு தூரம் என்று கேட்டால் நம் ஊர்ப் பேச்சிலேயே சொல்லும். அதற்குப் ‘பதில்’ என்று பேர் வைத்தான். அதை விற்கப் போகும்போதெல்லாம் என்னையும் கூட்டிப்போனான். யூனிபார்ம் போட்ட பெண் கூட வந்தால் உட்காரச் சொல்வார்கள் என்பது அவன் கணக்கு. பதினொரு லாட்ஜ் ஏறினோம். எல்லா இடத்திலும் உட்காரச் சொன்னார்கள், வாங்கத்தான் ஒருவரும் இல்லை. கடைசியில் கிரிவலப் பாதையில் எழில் நிவாஸ் என்ற லாட்ஜின் முதலாளி குமரேசன், வேர்க்கடலையை உரித்துக்கொண்டே கேட்டார்.

“இன்னா தம்பி, மெஷினு எங்க நிக்கும்?”

“நிக்காதுண்ணே. போனுக்குள்ளயே இருக்கும்.”

“அதுக்குத் தங்க ரூமு?”

“வேணாம்ண்ணே.”

“சாப்பாடு?”

“அதுவும் வேணாம்.”

“பௌர்ணமிக்கு லீவு கேக்குமா?”

“கேக்கவே கேக்காதுண்ணே.”

“அப்பப் போடு. எங்கிட்ட வேலை செய்யற அத்தினி பேரும் பௌர்ணமி வந்தா கிரிவலம் போவணும்னு லீவு கேக்கறானுங்க. பௌர்ணமிக்குத்தான்யா இந்த ஊர்ல யாவாரமே!”

சமையல்காரர் இருசப்பன் உள்ளேயிருந்து தலையை நீட்டினார். “பத்தொம்பது வருஷமா கேக்கறேன் மொதலாளி. ஒரு தடவ குடுத்திருப்பியா?”

“அதான் கேக்காத ஆளா பாத்து எடுக்கறேன், போய்யா” என்றார் குமரேசன்.

இப்படித்தான் எங்கள் முதல் வாடிக்கையாளர் கிடைத்தார். மற்ற லாட்ஜ்காரர்களில் ஆறு பேர், குமரேசன் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் தாங்களும் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே எல்லாம் குமரேசன் வாயில் இருக்கிறது.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

இயந்திரம் முதலில் பேசிய தமிழ் படு மோசம். “தாங்கள் எப்பொழுது வருகை புரிய உள்ளீர்கள்” என்று கேட்டது. அதற்கு நம் ஊர்ப் பேச்சைச் சொல்லித்தர இரண்டாயிரம் கேள்வி பதில் வேண்டும் என்று அண்ணன் என்னிடம் கேட்டான். “நீ வீட்ல பேசற மாதிரியே எழுது தீக்ஷா, அப்பத்தான் நேச்சுரலா இருக்கும்” என்றான். அரையாண்டு லீவு முழுக்க எழுதினேன். ரூம், வாடகை, ஆட்டோ எல்லாம் ஒழுங்காக விசாரித்துத்தான் எழுதினேன். அப்புறம் சாப்பாட்டுப் பகுதி வந்தது. அத்தை, நான் ராத்திரியில் ஓட்டலில் சாப்பிட்டதே கிடையாது. நீங்களும் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். நம் ஜைன வீடுகளில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுப் பாத்திரமும் கழுவியாகிவிடும், கிழங்கு வாசலைத் தாண்டாது. ‘ராத்திரி சாப்பாடு கிடைக்குமா’ என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வது? நான் அம்மா சொல்வதை எழுதினேன்: “சூரியன் மறையறதுக்குள்ள வந்து சாப்டுடுங்க, அப்புறம் அடுப்பு எரியாது.” கை வலித்ததால் ஊர்ப்பேரை மட்டும் மாற்றி மாற்றி அதையே முந்நூறு தடவை போட்டேன். செங்கத்துக்காரர் கேட்டாலும் அதே பதில், சேலத்துக்காரர் கேட்டாலும் அதே பதில். ஒன்பது மணிக்கு மேல் போன் வந்தால் என்ன சொல்வது என்ற பகுதிக்கு அப்பா சொல்வதை எழுதினேன். அது உங்களுக்கே தெரியும்.

அண்ணன் முதல் நூறு வரியைப் படித்தான். நடுவில் எங்கோ பத்து வரி பார்த்தான். “கரெக்டா இருக்கு” என்றான். நம் வீட்டில் வளர்ந்தவனுக்கு அதில் என்ன தப்பு தெரியும்? இது போதாதென்று, குரலும் உன்னுடையதே இருக்கட்டும் என்று சொல்லி, போர்வைக்குள் உட்காரவைத்து மூன்று நாள் என் குரலைப் பதிவு செய்துகொண்டான்.

இயந்திரம் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஆரம்பித்துவிட்டது. இரண்டாம் மாடியிலிருந்து ஒருவர் ஏழு மணிக்குப் போன் செய்து மசால் தோசை கேட்டிருக்கிறார். “இருட்டிடுச்சுங்க, காலைல பாத்துக்கலாம். கிழங்கு வேற, வேணாமே” என்று என் குரல் சொல்லியிருக்கிறது. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு கல்யாண கோஷ்டி, வேனில் இருபத்திரண்டு பேர், சூரியன் மறைவதற்குள் வர வேண்டும் என்று சொன்னதால் பயந்து நாலே முக்காலுக்கே வந்து இறங்கி, இலையைப் போடு என்று உட்கார்ந்துவிட்டார்கள். இருசப்பன் அப்போதுதான் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாராம். போன வாரக் கடைசியில், இதெல்லாம் உண்மையா பார்ப்போம் என்று குமரேசனே தன் மனைவியின் போனிலிருந்து ராத்திரி பத்து மணிக்கு அழைத்திருக்கிறார். “இந்நேரத்துல யாரு? நல்ல குடும்பத்துல பொறந்தவங்க ஒம்போது மணிக்கு மேல போன் பண்ணுவாங்களா? வீட்ல சொல்லிட்டுத்தான் பேசறீங்களா?” என்று அது கேட்டிருக்கிறது. அவர் “மன்னிச்சுக்கங்க” என்று சொல்லி வைத்துவிட்டாராம். மறுநாள் காலையில் நம் வீட்டு வாசலில் நின்றார்.

“தம்பி, நானே என் லாட்ஜுக்குப் போன் போட்டு நானே மன்னிப்பு கேட்டேன்யா. வர்ற வெள்ளிக்கிழம பௌர்ணமி. அது வரைக்கும் பாப்பேன். அப்பவும் இப்டியே பேசிச்சுன்னா கழட்டி எடுத்துனு போய்டு.”

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

கோளாறு எங்கே என்று அண்ணன் மூன்று வாரமாகத் தேடுகிறான். நான் எழுதியதை மட்டும் அவன் தேடவே இல்லை. “டேட்டா சுத்தம். என் தங்கச்சி எழுதினது” என்று யாரிடமோ போனில் சொன்னான். அதைக் கேட்டபோது, அவன் என்னை அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவன் சந்தேகப்படுவது அப்பாவை. குரல் பதியும்போது அப்பா கீழே பேசியதெல்லாம் மைக்கில் நுழைந்து இயந்திரம் கற்றுக்கொண்டுவிட்டதாம். அதனால் வீட்டில் இப்போது அப்பா பேசக் கூடாது. அத்தை, உங்கள் அண்ணன் ஜினராஜ் பேசாமல் இருந்து பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் வேண்டுமென்றால் கட்டை விரலைக் காட்டுகிறார். காபியில் சர்க்கரை கம்மி என்றால் விரல் நுனியைக் கிள்ளிக் காட்டுகிறார். நேற்று அம்மாவிடம் கிசுகிசுவென்று, “நான்தான் ஏதோ உளறிட்டேன் போலிருக்கு, பையன் பொழப்பு போச்சு” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். “அம்மா, மோர்” என்றுதான் வந்தது.

பள்ளிக்கூடத்திலும் நிம்மதி இல்லை. எங்கள் கிளாஸ் மிஸ் தன் தங்கை குடும்பத்துக்கு ரூம் போட எழில் நிவாஸுக்கு ஒன்பதரை மணிக்குப் போன் செய்திருக்கிறார். மறுநாள் ஸ்டாஃப் ரூமில், “ஒரு சின்னப் பொண்ணு என்னை நல்ல குடும்பமானு கேட்டுடுச்சு மிஸ்” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததை என் தோழி சினேகா கேட்டிருக்கிறாள். அன்று அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது நான் “உள்ளேன் மிஸ்” என்றதும் அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அதிலிருந்து தினமும் ஆண்பிள்ளைக் குரலில் உள்ளேன் சொல்கிறேன். நேற்று தொண்டை மாத்திரை கொடுத்தார். வாங்கிச் சாப்பிட்டேன்.

பெங்களூரு கம்பெனி அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறது. அந்தக் கடிதத்தை அவன் லேப்டாப்புக்கு அடியில் வைத்திருக்கிறான். பௌர்ணமியன்று இயந்திரம் சொதப்பினால் திங்கட்கிழமை பஸ் ஏறிவிடுவான். ஏறுவதற்கு முன் ஒருநாள் அந்த ஃபைலைத் திறந்து பார்ப்பான். அதில் ஒவ்வொரு வரிக்கும் எதிரில் ‘எழுதியவர்: தீக்ஷா’ என்று இருக்கிறது. இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுகிறேன் என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. அவன் வந்த பிறகுதான் இந்த வீட்டில் சாப்பிடும்போது சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

அதனால் நீங்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். எழில் நிவாஸில் ரூம் கேட்டுப் போன் செய்தது போலவும், அது பேசியதைக் கேட்டுச் சந்தேகப்பட்டது போலவும் அண்ணனைக் கூப்பிட்டு, “டேய், இது நம்ம வீட்டுப் பேச்சாச்சே, எழுதி வெச்சதை ஒரு தடவ படிடா” என்று மட்டும் சொல்லுங்கள். அவன் உங்களிடம்தான் குரலை உயர்த்த மாட்டான். என் பேரைச் சொல்லாதீர்கள். குரல் யாருடையது என்று தெரியாதது போல இருங்கள். லாட்ஜுக்கு வரும் போனெல்லாம் இங்கேயும் கேட்க அண்ணன் ஹாலில் வைத்திருக்கும் டெஸ்ட் போன் அடிக்கிறது. “வணக்கம், எழில் நிவாஸ்” என்று நானே அங்கே பேசிக்கொண்டிருக்கிறேன். நான் இங்கே இருப்பது அதற்குத் தெரிந்துவிடுமோ என்று இருக்கிறது. முடித்துக்கொள்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், கடிதத்தைக் காட்டாதீர்கள். பெரியவர்கள் எல்லோருடைய ஆசீர்வாதமும் எனக்கு வேண்டும், இந்த வாரம் கொஞ்சம் ஜாஸ்தியாகவே வேண்டும்.

உங்கள் பயந்த மருமகள்,
தீக்ஷா

பின்குறிப்பு: சனிக்கிழமை. இந்தக் கடிதம் போகவே இல்லை அத்தை. தபாலில் போடச் சொல்லிச் சினேகாவிடம் கொடுத்தேன். அவள் இயற்பியல் ரெக்கார்டுக்குள் வைத்து மறந்துவிட்டாள். அது மிஸ் மேசைவரை போய்த் திரும்பி வந்தது. அந்தப் பயத்தைத் தனியாக எழுதுகிறேன்.

நேற்று பௌர்ணமி முடிந்தது. இன்று காலையில் குமரேசன் வந்தார். நான் ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன். அவர் கையில் மைசூர்பாகு டப்பா.

“தம்பி, அத்தினி பேரும் அஞ்சரைக்கே வந்து சாப்டுட்டு ஆறு மணிக்கு நடக்கக் கெளம்பிட்டாங்க. பசிச்சவனுக்கு வழியெல்லாம் அன்னதானம். ராத்திரி பன்னெண்டு மணிக்கு உப்புமா கிண்டுற வேலையே இல்ல. குடிச்சிட்டு பத்து மணிக்கு மேல ரூம் கேக்கற கும்பல் ஒண்ணு கூட வர்ல, உன் மெஷினு கேட்ட கேள்வியில ஓடிட்டானுங்க. அந்த ஆறு பேருக்கும் சொல்லிட்டேன். ஒண்ணு மட்டும், அந்தப் பேச்ச மாத்திடாத!”

அண்ணன் கண்ணைச் சிமிட்டாமல், “அது நாங்க ஸ்பெஷலா பண்ண ஃபீச்சர்ண்ணே” என்றான்.

ஆனால் அது எப்படி வந்தது என்று அவனுக்கு இன்னும் தெரியாது. ஆறு லாட்ஜுக்கும் அதே மாதிரி வர வேண்டுமே. அதனால் மத்தியானத்திலிருந்து அப்பாவை மைக் முன்னால் உட்காரவைத்துப் பேசச் சொல்லியிருக்கிறான். மூன்று வாரம் அடக்கி வைத்ததையெல்லாம் அப்பா பேசிக்கொண்டே இருக்கிறார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

சாயங்காலம் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். யோசிக்காமல், “யாருங்க இந்நேரத்துல?” என்று கேட்டுக் கதவைத் திறந்துவிட்டேன். இருசப்பன். கால் முழுக்கப் புழுதி, குதிகாலில் கொப்புளம். ஆறு மணிக்கே அடுப்பு அணைந்துவிட்டதால், பத்தொன்பது வருஷத்தில் முதல் பௌர்ணமி நடையாம், பதினாலு கிலோமீட்டர். என் குரலைக் கேட்டு அப்படியே நின்றார். பிறகு மெதுவாக, “நீயாம்மா அது?” என்று கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் உதட்டில் விரலை வைத்தேன். அவரும் வைத்தார். திருநீற்றுப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு நொண்டிக்கொண்டே போய்விட்டார்.

ஆகவே அத்தை, அண்ணனுக்குப் போன் செய்யவே வேண்டாம். அப்பாவுக்குச் செய்யுங்கள். மணி ஒன்பது ஆகிறது, இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை எனக்கு இயற்பியல் பரீட்சை. நல்ல குடும்பத்தில் ஒன்பது மணிக்கு மேல் பேச மாட்டார்கள் என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும்.