அந்த நாய்க்குச் சொந்தக்காரர்

"யாரோட நாய் இது? கேக்கறேன்ல, யாரோட நாய்?"

பூங்காவில் இருந்த ஏழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தன் நாய் இல்லை என்று தலையை ஆட்டினார்கள். காது முதல் வால் வரை சேறு அப்பிய நாய் ஒன்று, பல் டாக்டரின் குட்டி நாயிடமிருந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது.

கேள்வி கேட்ட ஓய்வு பெற்ற டிக்கெட் பரிசோதகருக்கு ரத்தம் கொதித்தது. நாய்ப் பூங்காவுக்கு அவர் வருவது இது இரண்டாவது நாள். வெளியூர் போன மகள், கழுத்துப் பட்டையில் அப்பாவின் போன் நம்பரை எழுதி, தன் நாயை அவரிடம் விட்டிருந்தாள். "அப்பா, பூங்கா பாஸ் பத்திரம். அது போச்சுன்னா இவன் ஓடறதுக்கு வேற இடமே இல்ல. அங்க யார்கிட்டயும் வம்புக்குப் போயிடாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவரா வம்புக்குப் போகிறவர்? வாசலில் நாயை அவிழ்த்துவிட்டு, பலகையில் இருந்த பன்னிரண்டு விதிகளையும் கால் மணி நேரம் நின்று படித்த ஒரே மனிதர் அவர்தான். அவருடைய நாய் பெஞ்சுக்கு அடியில் சுருண்டு கிடந்தது. பழுப்பு வால் மட்டும் வெளியே தெரிந்தது.

"எவ்வளவு அடக்கமா இருக்கு பாத்தீங்களா?" என்றார், பெஞ்சின் மறு முனையில் இருந்த நர்ஸம்மாவிடம்.

"தேங்க்ஸ் சார்" என்றார் நர்ஸம்மா.

இவர் எதற்கு நன்றி சொல்கிறார் என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. சேற்று நாய் இப்போது புல்தரையைத் தோண்டிக்கொண்டிருந்தது.

"நாயைச் சொல்லிக் குத்தமில்ல. வளர்த்த லட்சணம் அப்படி!"

பையிலிருந்து பிஸ்கெட்டை எடுத்து ஆட்டினார். அந்த நாய் வரவில்லை. மற்ற நாய்கள் அத்தனையும் வந்தன. வந்து ஒன்றையொன்று கடித்துக் குதறப் பார்த்தன.

"சார், விதி அஞ்சு! உள்ள தீனி கொண்டு வரக் கூடாது!" என்று டாக்டர் கத்தினார்.

"அதெல்லாம் சாதாரண நேரத்துக்கு ஓய்! இது அவசரம்!"

துரத்தினார். அது குழாயடிக் குட்டையில் விழுந்து புரண்டு எழுந்து, நர்ஸம்மாவின் வெள்ளை உடைக்கு நேர் எதிரே நின்று உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது. வெளியே தள்ளிவிடலாம் என்று கதவைத் திறந்தார். டாக்டரின் குட்டி நாய் தெருவுக்கு ஓடியது. டாக்டர் அதன் பின்னால் ஓடினார்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்த டாக்டர், "எல்லாம் உங்களாலதான்!" என்றார்.

"என்னாலயா? நல்லா இருக்கு நியாயம்! முப்பது வருஷம் ரயில்ல, டிக்கெட் இல்லாதவனை முழியைப் பார்த்தே பிடிச்சவன் நான். திருட்டு முழி என்கிட்ட தப்பாது. நீங்க ஏன் கண்ணைச் சிமிட்டறீங்க?"

"கண்ணுல சேறு சார்!"

பரிசோதகர் காவலாளியைக் கூப்பிட்டுப் புகார் புத்தகத்தை வாங்கினார். இந்த நாயின் சொந்தக்காரருக்கு ஆயுசுக்கும் பாஸ் ரத்து என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

"பாவம் சார், ஒரு மாசம் போதுமே" என்றார் நர்ஸம்மா, உடையைத் துடைத்துக்கொண்டே.

"இந்த மாதிரி ஆளுங்களுக்குப் பாவ புண்ணியமே பார்க்கக் கூடாதும்மா!"

"எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் மாத்த முடியாது சார்" என்றார் காவலாளி.

"மாத்தவே கூடாது!" முதல் கையெழுத்து அவருடையது. அழுத்தி, அடியில் இரண்டு கோடும் போட்டார். மற்ற ஏழு பேரும் வரிசையாகப் போட்டார்கள்.

காவலாளி பந்தைக் காட்டி ஒருவழியாக நாயைப் பிடித்துவிட்டார். கழுத்துப் பட்டையில் இருந்த சேற்றைக் கட்டைவிரலால் வழித்தார்.

"நம்பர் இருக்கு சார்."

"அடி! இப்பவே அடி! நாலு வார்த்தை நறுக்குன்னு நானே கேக்கறேன்!"

காவலாளி போனை எடுத்து எண்களை அழுத்தினார். பரிசோதகரின் சட்டைப் பையில் போன் அலறியது. எடுத்துப் பார்த்தார். தெரியாத நம்பர்.

"நேரங்காலம் தெரியாம இவனுங்க வேற" என்று கட் செய்தார்.

"கட் பண்றாங்க சார்!"

"பாத்தீங்களா திமிரை? பண்றதையும் பண்ணிட்டு ஒளிஞ்சுக்கறான்! விடாதே, மறுபடி அடி!"

மறுபடி அவர் பை அலறியது. பல்லைக் கடித்துக்கொண்டு கட் செய்தார்.

"மறுபடியும் கட் பண்ணிட்டாங்க சார்."

"வெட்கங்கெட்ட ஜென்மம்! எடுக்கற வரைக்கும் அடிய்யா!"

மூன்றாம் முறை மணி அடித்தது. காவலாளி தன் போனைப் பார்த்தார். பரிசோதகரின் பையைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சார், அதை எடுத்துடுங்க. நான்தான் கூப்பிடறேன்."