எல்லா அலைக்கும் ஒரே பலகை

"இதுமேல நின்னா முட்டி வரைக்கும் தண்ணி வருது, தூலியோ. இது அலைச்சறுக்குப் பலகையா, நீர்மூழ்கிக் கப்பலா?"

கொண்டுவந்த பலகையைப் பட்டறைச் சுவரில் சாய்த்துவிட்டு எவரிஸ்தோ மூச்சு வாங்கினான். பெரு நாட்டில் அவன் வாழும் லீமா நகரத்தின் சோம்பேறி அலையிலும் அது மிதக்க வேண்டும்; வடக்கே சிக்காமாவில் இடப்பக்கமாக உடைந்து முடிவில்லாமல் ஓடும் அலையிலும் பாய வேண்டும்; பேருந்தின் வயிற்றுக்குள்ளும் அடங்க வேண்டும். இம்மூன்றுக்கும் பொருந்தும் ஒரே பலகைதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

அவகாசமும் இல்லை. தென்கடலில் எழுந்த பெரும் அலைக்கூட்டம் வெள்ளிக்கிழமை சிக்காமாவைத் தொடும் என்று அறிவித்துவிட்டார்கள். அவனும் மனைவி சோராய்தாவும் நடத்தும் மருந்துக்கடையில் யாரேனும் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். "இந்தத் தடவ நீ போ. கடைய நான் பாத்துக்கறேன்" என்று அவள் பெருந்தன்மையோடு சொல்லியிருந்தாள்.

பலகை செய்யும் தூலியோ அவனை மேலும் கீழும் பார்த்தான். "அலை மெலிசுதான் மச்சான், நீ மெலிசா இல்லியே! இந்த அகலமானத எடுத்துட்டுப் போ."

அகலப் பலகை லீமாவின் அலையில் படகுபோல் மிதந்தது. நகரத்துக்குத் தெற்கே, சற்று முரட்டு அலையில் சோதித்தபோதுதான் அதன் சுயரூபம் தெரிந்தது.

"திரும்புன்னா திரும்ப மாட்டேங்குது. உக்காந்து யோசிக்குது!"

"அப்போ நீளத்தக் கூட்டி, வாலு கூரா இருக்கறதா எடு."

நீளப் பலகை எல்லா அலைக்கும் பணிந்தது. பேருந்து நிலையம் மட்டும் பணியவில்லை. சாமான் பிரிவுக்காரர் அளவு நாடாவை நீட்டி, உதட்டைப் பிதுக்கினார்.

"ஏறாது சார்."

"சாய்ச்சு வச்சா?"

"சாய்ச்சு வச்சா நாலு பயணிகள எறக்கணும். நீங்களே யாருன்னு சொல்லுங்க."

கரையில் மீன் தின்றுகொண்டிருந்த அலைச்சறுக்கர்களிடம் அவன் கருத்துக் கேட்டது அடுத்த பிழை. பலகையின் அடியில் மீன்செதில்போல் மூன்று துடுப்பு வேண்டும் என்றான் ஒருவன். ஐந்து என்றான் இன்னொருவன். மூன்றாமவன், பலகையில் குறையே இல்லை, நிற்பவனின் கால்தான் சரியில்லை என்றான். எவரிஸ்தோ தன் கால்களைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே வீடு திரும்பினான்.

சோராய்தா சிக்காமாப் பக்கத்தில் பிறந்து, அலைமேலேயே வளர்ந்தவள். முதலில் அவளும் பொறுமையிழந்தாள்.

"என்னைக் கட்டிக்க ஒரே சாயங்காலத்துல முடிவு பண்ணின. இந்தக் கட்டைக்கு ஒரு வாரமா? ஏதாவது ஒண்ணத் தூக்கிட்டுக் கெளம்பேன்!"

"கட்டையா? இது ஒரு வடிவமைப்புச் சிக்கல், சோராய்தா!"

என்ன மாயமோ, மறுநாளிலிருந்து அவளது பேச்சு அடியோடு மாறிப்போனது.

"அவசரப்படாத. மூக்கு இன்னும் கொஞ்சம் உருண்டையா இருந்தா தேவலையோ?"

கடைசியில் ஒரு ஜீவனாவது அவனைப் புரிந்துகொண்டது. அந்த ஜீவனின் ஆலோசனைப்படி மூக்கு உருண்டையானதை எடுத்தான். அலையின் முகத்தில் அது மண்வெட்டியாகக் குத்தி அவனைக் கவிழ்த்தது. தடிமனானதை எடுத்தான், அக்குளுக்குள் அடங்க மறுத்தது. பட்டறைக்குள் அவன் தலை தெரிந்தாலே தூலியோ பின்வாசலைப் பார்க்கத் தொடங்கினான்.

வியாழன் காலை, குட்டையும் தடிமனும் கூர்வாலுமாக ஒரு பலகை எஞ்சியிருந்தது.

"எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான். இதுவும் சரியில்லன்னா, மச்சான், நீ சதுரங்கம் ஆடு" என்றான் தூலியோ.

எவரிஸ்தோ வீட்டுக்குத் தொலைபேசினான். "இதான்னு நெனக்கிறேன். இப்பவே கெளம்பட்டா?"

"சாயந்தரமும் வண்டி இருக்கே! மத்தியானம் வரைக்கும் கடல்ல இன்னொரு தடவ சோதிச்சுப் பாத்துடேன்" என்றாள் சோராய்தா.

சோதித்தான். அது மிதந்தது; திரும்பியது; பாய்ந்தது. ஈர உடையோடு, கண்கள் பனிக்க, பேருந்து நிலையத்துக்கு ஓடி அதைச் சாமான் பிரிவின் மேசைமேல் கிடத்தினான்.

"அளந்து பாருங்க!"

சாமான் பிரிவுக்காரர் நாடாவைத் தொடவே இல்லை. மேசை இழுப்பறையைத் திறந்தார்.

"பலகை ஏறும் சார், சீட்டும் இருக்கு. ஆனா உங்க வீட்டம்மா மத்தியான வண்டில அவங்க பலகையோட சிக்காமா போறப்ப, இந்த மருந்துக்கடைச் சாவிய உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க."