பேட்டரி காருக்குக் கல் வைத்த கதை

எனக்கு ஜீப் ஓட்டத் தெரியாது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு அறுபத்தாறு வயது ஆக வேண்டியிருந்தது. அதற்கு முன்பு முப்பது வருடத்துக்கு மேல், மலைப்பாதையில் வண்டி ஓட்டுவது பற்றிப் போடிநாயக்கனூரில் யார் பேச்சை எடுத்தாலும், அதை முடித்துவைக்கும் உரிமை எனக்கு மட்டுமே உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை. திங்கட்கிழமை ஜீப்பில் மலை ஏறுவேன், சனிக்கிழமை இறங்குவேன். ஓட்டியது டிரைவர். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ரெண்டாவது கியர் போடு, ஒடிச்சுத் திருப்பு" என்று அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததை அவருக்கே சொல்லிக்கொடுத்தது நான். (மூன்று டிரைவர்கள் வேலையை விட்டுப் போனார்கள். சம்பளம் போதாமல் போனார்கள் என்றுதான் அன்று நம்பினேன்.)

ஓய்வு பெற்ற இரண்டாவது வருடம் என் மனைவி ராஜேஸ்வரிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. எங்களுடையது மாடி வீடு. படுக்கை மேலே, அடுப்படி கீழே. ஒரே மகள் பெங்களூரில். ஒருநாள் காலையில் தோசை மாவை மூடி வைத்துவிட்டு ராஜி என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, முந்தல் போற வழியில வயசானவங்களுக்குன்னே வீடு கட்டி விக்கிறாங்களாம். படியே கிடையாதாம். மூணு வேளையும் சாப்பாடு அவங்களே போட்டுருவாங்களாம். போயிப் பாத்துட்டு வருவோமா?"

"நமக்கென்ன அவ்வளவு வயசா ஆயிருச்சு?"

"உங்களுக்கு ஆகல. எனக்கு ஆயிருச்சு. இனி என்னால படி ஏறி எறங்கிச் சோலி பாக்க முடியாது."

அவள் அதுவரை என்னிடம் எதையும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. நியாயமான மனிதனாக இருந்தால் அன்றைக்கே சரி என்று சொல்லியிருப்பான். எனக்கோ பயம். அங்கே குடிபோனால் நானும் கிழவன்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல ஆகிவிடும். இதை வெளியில் சொல்லத் துணிச்சல் இல்லாததால், மிகவும் கண்ணியமான ஒரு திட்டம் போட்டேன். கூடவே போவது, ஒவ்வொன்றிலும் குற்றம் கண்டுபிடிப்பது, "எடம் சரியில்ல" என்று திரும்பிவிடுவது. சாட்சிக்கு ராஜியின் தம்பி முருகேசனைச் சிலமலையிலிருந்து வரவழைத்தேன். நான் எதைச் சொன்னாலும் தலையாட்டும் கடைசி மனிதன் அவன்தான்.

திட்டத்துக்கு அந்த இடம் நன்றாகவே ஒத்துழைத்தது. வாசலில் கையில் கொடுத்த வழவழப்பான புத்தகத்தில் "யானைகள் உலவும் மலையடிவாரத்தில் அமைதியான வாழ்வு" என்று போட்டிருந்தது. தேவாரம் ஊர்ப் பக்கம் யானை வந்தால் வெள்ளாமையை மிதித்துத் துவைத்துவிட்டுப் போகிறது, ஜனங்கள் தூக்கமில்லாமல் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதையே இவர்கள் வீட்டோடு இலவசம் என்பது போல எழுதியிருந்தார்கள். முதியோர் இல்லம் என்று நான் வாய் தவறிச் சொன்னதும் (வாய் தவறவில்லை, வேண்டுமென்றேதான்) விற்பனை அதிகாரி நிவேதா, "சீனியர் லிவிங் சார்" என்று திருத்தினார். முப்பது வயதிருக்கும். கோட்டு, ஷூ, கழுத்தில் அடையாள அட்டை. புன்னகை மட்டும் எந்தக் கேள்விக்கும் குறையவில்லை.

குடியிருப்பு சரிவில் ஏறிக்கொண்டே போகிறது. அதனால் உள்ளே போய்வர பேட்டரி கார். ரயில் ஜங்ஷன்களில் நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு சத்தமில்லாமல் வருமே, அந்த வகை. கதவு கிடையாது, கியர் கிடையாது. சாவியைத் திருப்பினால் உறுமல்கூட இல்லை. இதை ஒரு வண்டி என்று ஒத்துக்கொள்ளவே எனக்கு மனசு வரவில்லை.

நிவேதா வண்டியை எடுக்கும் முன் எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார். "சார், மேடம், ஒரு ரெண்டு நிமிஷம். பெல்ட் போட்டுக்கணும். கை காலை வெளிய நீட்டக் கூடாது. வண்டி முழுசா நின்னப்புறம்தான் எறங்கணும். சரிவுல நிறுத்துனா பார்க்கிங் பிரேக்கைத் தொடக் கூடாது. இங்க பழக்கமில்லாதவங்க யாரும் வண்டியைத் தொட வேண்டாம்."

ராஜி பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, பெல்ட்டை மாட்டி, சரியாக விழுந்ததா என்று இழுத்தும் பார்த்தாள். நான் சிரித்தேன்.

"ஏம்மா, இந்தத் தள்ளுவண்டிக்குமா பெல்ட்டு? நாங்க இருபது ஆளு தொத்திக்கிட்டு மலையேறுன பரம்பரை. பின்னாடி கம்பியில தொங்கிக்கிட்டே பீடி பத்த வைப்பானுக."

"ஆமாம்மா," என்றான் முருகேசன். அவன் வாழ்நாளில் மலையேறியது இரண்டு தடவை, இரண்டு தடவையும் வாந்தி.

"பரவால்ல சார், போட்டுக்கங்க," என்றார் நிவேதா அதே புன்னகையோடு. நான் போட்டுக்கொள்ளவில்லை. வழியில் இருந்த வேகத்தடைகளையும் விட்டுவைக்கவில்லை. "நடக்குற வேகத்துல போற வண்டிக்கு வேகத்தடை போட்ட மகராசன் யாரும்மா?" என்று கேட்டேன். முருகேசன் மட்டும் சிரித்தான்.

மேட்டின் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மாதிரி வீடு. நிவேதா வண்டியைச் சரிவிலேயே நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை இழுத்துவிட்டார். "மேடம், நீங்க அப்படியே உக்காந்திருங்க. கதவைத் தெறந்துட்டு வந்து கையைப் புடிச்சு எறக்கிவிடுறேன்" என்று சொல்லிவிட்டுச் சாவிக்கொத்தோடு வாசலுக்குப் போனார். நானும் முருகேசனும் இறங்கிக்கொண்டோம்.

இங்கேதான் முப்பது வருட அனுபவம் விழித்துக்கொண்டது. ஏலமலையில் எந்த ஜீப்பும் சரிவில் சும்மா நிற்காது. நிறுத்தியதும் ஒருத்தர் குதித்துப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்து ஒரு கல்லை வைப்பார். பிரேக் கைவிட்டாலும் கல் கைவிடாது என்பது அங்கே எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம். அதோடு, கல் வைத்த பிறகு ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கேபிள் இழுபட்டு நீண்டுபோகும் என்று ஒரு டிரைவர் எப்போதோ சொன்னது என் மண்டையில் இருந்தது. (வேலையை விட்டுப் போன மூன்று பேரில் ஒருவர். என்மேல் இருந்த கடுப்பில் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.)

"மாப்ளே, வெரசா ஒரு கல்லைக் கொண்டா. பாரு, அந்தப் பொண்ணு வெறும் பிரேக்கை நம்பி வண்டிய விட்டுட்டுப் போகுது," என்றேன், அந்தப் பெண்ணுக்குக் கேட்கும்படியாக.

முருகேசன் புல்தரை ஓரத்தில் அழகுக்காக வைத்திருந்த ஒரு பாறாங்கல்லை, தர்ப்பூசணி அளவு இருக்கும், இரண்டு கையாலும் தூக்கினான். தூக்கியவன் நின்றான்.

"மச்சான், கல்லு எடையே இல்லையே."

"வெயில்ல காஞ்ச கல்லு அப்படித்தான் இருக்கும்."

"இதுக்கு அடியில ஒரு பைப்பும் திருகும் இருக்கு மச்சான்."

"இருந்துட்டுப் போகட்டும்டா. நீ கல்லைப் பாரு, பைப்பைப் பாக்காத."

வெயிலில் காய்ந்தால் கல்லின் எடை குறையும் என்று நான் எந்தப் புத்தகத்தில் படித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவன் நம்பினான். அதைவிடக் கேவலம், சொன்ன நானும் நம்பினேன். கல்லைச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்தான். நான் அதைக் குனிந்துகூடப் பார்க்காமல், வண்டிக்குள் கையை விட்டு பிரேக்கை இறக்கினேன்.

"அந்தப் புள்ளதான் தொட வேண்டாம்னு சொல்லுச்சே," என்றாள் ராஜி.

"அது நேத்துப் பொறந்தது," என்றேன்.

வண்டி நின்றது. மூன்று வினாடி நின்றது என்பதை நான் இன்றும் வலியுறுத்துவேன். அந்த மூன்று வினாடியும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிவேதாவைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு அப்பளம் நொறுங்கியது போல ஒரு சத்தம். தண்ணீர்க் குழாயின் வால்வை மறைக்க பைபரில் செய்து பெயின்ட் அடித்து வைத்திருந்த அந்த மூடி சப்பையாகிப்போக, வண்டி பின்னோக்கி இறங்க ஆரம்பித்தது.

ராஜி என்னைப் பார்த்தபடியே தூரம் போனாள். அவள் கத்தவில்லை. முப்பத்தாறு வருட மணவாழ்க்கையில் பார்த்துப் பழகிய முகம்தான். நான் கடையிலிருந்து தப்பான பருப்பை வாங்கிவரும்போது காட்டும் அதே முகம்.

"பிரேக்கைப் புடி, பிரேக்கைப் புடி," என்று கத்திக்கொண்டு ஓடினேன். பின்சீட்டில் பெல்ட்டுக்குள் இருக்கும் ஒருத்தி எந்தப் பிரேக்கைப் பிடிப்பாள் என்று யோசிக்கவில்லை. ஷூ போட்ட நிவேதா என்னைத் தாண்டிக்கொண்டு ஓடினார். வண்டி நான் கேலி செய்த வேகத்தடையில் ஏறிக் குதித்து வேகம் குறைந்தது. அடுத்த வேகத்தடையில் இன்னும் குறைந்தது. முதல் வேகத்தடையில் நான் தடுக்கி விழுந்தேன்.

விழுந்த இடத்திலிருந்து பார்த்தேன். வண்டி பாதையை விட்டு விலகி, அங்கே குடியிருப்பவர்கள் சேர்ந்து போட்டிருந்த காய்கறித் தோட்டத்துக்குள் இறங்கி, இரண்டு தக்காளிப் பாத்தியைத் தாண்டி, எருக்குவியலில் போய் மெதுவாகச் சாய்ந்து நின்றது. பக்கத்தில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்த நாலைந்து பெரியவர்களில் ஒருவர் மட்டும் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

அந்தச் சில வினாடிகளில் எனக்கு உயிரே இல்லை. இவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்ற ஒரே நினைப்புதான். வீடு, வயசு, கிழவன் என்ற பெயர் எல்லாம் மண்ணாகப் போகட்டும் என்றிருந்தது. பெருவிரல் நகம் பிய்ந்து ரத்தம் வழிய நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அவளுக்கு யாரோ டீ கொடுத்திருந்தார்கள். மூக்குக் கண்ணாடி மட்டும் எருவுக்குள் விழுந்திருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

"யாருங்க வண்டிய விட்டது?" என்று கேட்டார் நாற்காலியை நகர்த்திய பெரியவர்.

அதுவரை எனக்கு எதிராக ஒரு வார்த்தை பேசாத முருகேசன் என்னை நோக்கி விரலை நீட்டினான். "நான் எடையே இல்லைன்னு ரெண்டு வாட்டி சொன்னேங்கய்யா," என்றும் சேர்த்துக்கொண்டான். (ஒரு வாட்டிதான் சொன்னான். வருடா வருடம் இந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கிறது.)

"ராஜி, ஒனக்கு ஒண்ணும்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் டீயைக் குடித்து முடித்து, தம்ளரை ஓரமாக வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"முப்பத்தாறு வருசமா நீங்க சொன்னதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். இன்னைக்கு ஒரே ஒரு நாளு இந்தப் புள்ள சொன்னதைக் கேட்டு பெல்ட்டைப் போட்டேன். உக்காந்திருக்கேன். இல்லைன்னா கெடந்திருப்பேன்."

பிறகு அவள் நிவேதாவைப் பார்த்தாள். "தாயி, நாங்க வீட்டை வாங்கிக்கிறோம். எங்க கையெழுத்துப் போடணும்?"

எடம் சரியில்ல என்று சொல்லத்தான் அங்கே போயிருந்தேன். அவர்களுடைய வண்டியையும், தக்காளியையும், கல்லையும் நாசம் செய்துவிட்டு நிற்கிறவன் இடத்தைப் பற்றி என்ன குறை சொல்ல முடியும்? தலையாட்டினேன். நகத்துக்குக் கட்டுப் போட என்னை இன்னொரு பேட்டரி காரில் ஏற்றினார்கள். நிவேதாவே குனிந்து எனக்கு பெல்ட் மாட்டிவிட்டார். அப்போதும் அந்தப் புன்னகை குறையவில்லை. அதுதான் நகத்தைவிட அதிகமாக வலித்தது.

குடிவந்து நாலு வருடம் ஓடிவிட்டது. வந்த வாரமே குடியிருப்பில் இருந்த எல்லா பைபர் மூடிகளிலும் மஞ்சள் பெயின்டில் "இது கல் அல்ல" என்று எழுதிவிட்டார்கள். புதிதாக வீடு பார்க்க வருகிறவர்கள் அது எதற்கு என்று கேட்டால், என் வீட்டைக் கைகாட்டிவிட்டுத்தான் விஷயத்தைச் சொல்கிறார்கள். ராஜி ஆறு மாதத்தில் பேட்டரி கார் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள். எனக்குச் சாவி தருவதில்லை என்று நிர்வாகக் கமிட்டியில் தீர்மானமே இருக்கிறது. நல்ல தீர்மானம்தான், அந்தக் கமிட்டியில் நானும் உறுப்பினர், கையைத் தூக்கி ஆதரித்தேன்.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது குடும்பத்துக்குள் முருகேசன் கிளப்பிவிட்ட ஒரு கேள்விதான். கல்யாண வீட்டிலோ, சாவு வீட்டிலோ, நான் எதையாவது உறுதியாகச் சொல்ல வாயைத் திறந்தால் போதும், மழை வரும் என்றாலும் சரி, பஸ்சு கிளம்பிவிட்டது என்றாலும் சரி, கூட்டத்தில் யாராவது ஒருவர் மெதுவாகக் கேட்பார்: "தூக்கிப் பாத்தீங்களா?" அதோடு என் பேச்சு முடிந்தது.

போன வாரம் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். இந்த இடத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "நான் உங்கம்மாவுக்காகத்தான்மா இங்க வந்தேன். எனக்கெல்லாம் இன்னும் வயசாகல," என்றேன்.

மறுமுனையில் போன் கைமாறும் சத்தம் கேட்டது. பிறகு பேத்தியின் குரல். எட்டு வயது. எருக்குவியலையும் பார்த்ததில்லை, உடைந்த மூடியையும் பார்த்ததில்லை.

"தாத்தா, தூக்கிப் பாத்தீங்களா?"