எந்தப் பாவம், மாஸ்டர்?

உச்சுக்கொட்டி வாத்தியார் என்று ஓர் இனம் உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் நன்றாகச் செழிக்கிறது. பங்சாரிலும் கிள்ளானிலும்கூட நீங்கள் பார்த்திருப்பீர்கள். சங்கீதம் சொல்லிக்கொடுப்பவர்தான். ஆனால் கண் தெரியாத பிள்ளையோ சக்கர நாற்காலிப் பிள்ளையோ வாசலில் வந்து நின்றால் போதும், அவருக்குள் இருக்கும் வாத்தியார் எழுந்து வெளியே போய்விடுவார். அந்த இடத்தில் ஒரு வள்ளல் வந்து உட்கார்ந்துகொள்வார்.

மாதிரிக்கு ஒருவர் போதும் நமக்கு. மாஸ்டர் கார்த்திகேசு. கடைவீட்டு மாடியில் வகுப்பு. 'சிறப்புப் பிள்ளைகளுக்குச் சிறப்பு முறை' என்று வாசலில் பலகை வேறு. அது என்ன சிறப்பு முறை என்கிறீர்களா? மிருதங்கம் பழகும் கிஷனை நாற்காலியோடு நான்கு பேர் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்; மாஸ்டர் எதையும் தூக்காமல் கூடவே படியேறி, படம் எடுக்கச் சொல்வார். கீழே அவருடைய அறையே ஒன்று ஓட்டை நாற்காலிகளும் மேடைத் துணிகளும் அடைந்து கிடக்கிறது.

"மாஸ்டர், கிளாஸ கீழ வெச்சா நானே வந்துருவேன் லா," என்றான் கிஷன்.

"நீ கவலப்படாத தம்பி. தூக்கறதுக்கு நம்ம பசங்க இருக்காங்க."

வெளியே நடைபாதையில், கண் தெரியாதவர்கள் காலால் தடவி நடப்பதற்கென்று மஞ்சள் கல் பதித்திருக்கிறார்களே, மாஸ்டரின் மோட்டார் சைக்கிள் நிற்பது அதன் மேல்தான். அதில் இடித்துக்கொண்டு நிற்கும், பாட்டு பழகும் விஷ்ணுப்ரியாவை அவரே ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவார். அதற்கு அவள் நன்றி வேறு சொல்ல வேண்டும்.

விஷ்ணுப்ரியா பிறவியிலேயே பார்வை இல்லாதவள். பங்சாரில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் வேலை. அவளிடம் மாஸ்டர் எப்போதும் கத்தித்தான் பேசுவார்.

"மாஸ்டர், எனக்கு கண்ணுதான் தெரியாது. காது நல்லாவே கேக்கும்."

"தெரியும்மா! தெரியும்மா!" என்று இன்னும் உரக்கக் கத்துவார்.

தாளம் சொல்லிக்கொடுத்த அழகைக் கேளுங்கள். "என் கையப் பாரும்மா," என்று ஆரம்பித்தார். அவள், "என் கைமேல தட்டிக் காட்டுங்க மாஸ்டர், பிடிச்சிக்கிறேன்," என்றாள். எவ்வளவு சின்ன காரியம்! கைக்கு வலிக்குமா, காசு செலவா? "உனக்கெதுக்கும்மா தாளமெல்லாம், நான் பாத்துக்கறேன்," என்று பாடத்திலிருந்து தாளத்தையே தூக்கிவிட்டார். அப்புறம் ஸ்வரத்தைத் தூக்கினார். கடைசியில் மிஞ்சியது ஆரம்பப் பிள்ளைகள் பாடும் கீதம் ஒன்று. அவளுக்குப் பின்னால் சேர்ந்த பொடிசுகள் எல்லாம் அடுத்த படியான வர்ணத்துக்குப் போய்விட்டார்கள். இவள் மட்டும் ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் அதே கீதம். அந்தப் பொடிசுகள் ஒரு ஸ்வரம் தவறினால் கடித்துக் குதறுகிறவர், இவள் தவறினால் உச்சுக்கொட்டி, "பாவம்!" என்பார்.

சங்கீதக்காரர்களுக்கு இன்னொரு பாவம் உண்டு. பாட்டில் உணர்ச்சி கூடி வந்தால் அவர்கள் வியந்து சொல்வது. எழுத்தில் இரண்டும் ஒன்றுதான், உச்சரிப்பில் வேறு. மாஸ்டர் நாக்கில் உச்சரிப்பும் ஒன்றே.

அவளுக்கு வேண்டியது அதிகம் இல்லை. இந்த வருஷம் மேடையில் வர்ணம் பாட வேண்டும்; பாடி முடித்ததும் தப்பு எங்கே என்று ஒரு வாத்தியார் வாயால் கேட்க வேண்டும். அதனால் மாடியில் மற்றவர்கள் பாடிய வர்ணத்தை மூலையில் உட்கார்ந்து போனில் பதிந்துகொண்டாள். தூக்குகிறவர்கள் வரும்வரை கீழே காத்துக் கிடக்கும் கிஷன், அவள் கைமேல் தட்டித் தட்டித் தாளத்தைச் சொல்லிக்கொடுத்தான். மாஸ்டர் வைக்காத கீழ்த்தளத்து வகுப்பு அப்படி நடந்தேறியது.

கிள்ளானில் ஒரு மண்டபத்தில் விழா. "ஆண்டவன் இந்தப் பொண்ணுக்கு கண்ண எடுத்துட்டு குரலக் குடுத்தான்; எனக்கு அவளக் குடுத்தான்," என்று மாஸ்டர் நீட்டி முழக்கிவிட்டு, தாளம் போட அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அவள் வர்ணத்தை ஆரம்பித்தாள். கீதத்துக்கென்று விழுந்த மாஸ்டர் கை அந்தரத்தில் நின்றது. ஓரிரு முறை தட்டிப் பார்த்தது, ஒட்டவில்லை. பிறகு சபையைப் பார்த்துக் கும்பிட்டுச் சமாளித்தது. அவள் தன் தொடையில் தானே தாளம் போட, கிஷனின் மிருதங்கம் கூடவே போனது. சரணத்தில் ஒரு ஸ்வரம் தடுக்கியது. தொடர்ந்தாள், முடித்தாள்.

கைத்தட்டல் அடங்குமுன் மாஸ்டர் மைக்கைப் பிடுங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தீங்களா! எவ்வளவு பாவம்!"

"எந்தப் பாவம், மாஸ்டர்?" என்றாள் அவள். மைக் அதையும் சபைக்குச் சொன்னது.

மாஸ்டர் மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, அத விடுங்க. ஒரு இடத்துல தப்பு விட்டேன். எங்கன்னு சொல்லுங்க."

"தப்பா? உனக்கு ஏதும்மா தப்பு! நீ பாடினதே பெரிசு!"

கேட்டிருந்தால்தானே சொல்வதற்கு? இத்தனை வருஷமும் அவர் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாரே தவிர, ஒரு நாளும் கேட்டதில்லை. அது மண்டபம் முழுக்கத் தெரிந்துபோனது.

முன்வரிசையிலிருந்து ஒரு கறார்க் குரல் எழுந்தது. கிள்ளானில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் தனலெட்சுமி டீச்சர். "சரணத்துல ரெண்டாவது ஸ்வரம். அவசரப்பட்டுட்ட. அந்த இடத்த மட்டும் திரும்பப் பாடு."

விஷ்ணுப்ரியாவின் முகம் மலர்ந்தது. திரும்பப் பாடினாள்.

இப்போது அவள் தனலெட்சுமி டீச்சரிடம் போகிறாள். நன்றாகத் திட்டு வாங்குகிறாளாம், சந்தோஷமாக இருக்கிறாளாம். கிஷனும் அங்கேதான், டீச்சர் வீட்டு வாசலில் படி கிடையாது. மாஸ்டருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. 'நான் செதுக்கிய சிலை' என்று அவளோடு நிற்கும் படத்தைப் பெரிதாக அடித்துப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். மோட்டார் சைக்கிள் அதே மஞ்சள் கல்லின் மேல் நிற்கிறது.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? விஷ்ணுப்ரியா பிறவியிலேயே பார்வை இல்லாதவள் என்று மேலே எழுதினேனே, அந்த இடத்தில் உங்கள் வாயிலிருந்து 'உச்' என்று ஒரு சத்தம் வந்தது. எனக்குக் கேட்டது.

அது எந்தப் பாவம்?