மல்கோவா விஷயமாகச் சம்பந்திக்கு எழுதியது

இயேசு மரி சூசை துணை

மொரப்பூர்
30.8.1988

மரியாதைக்குரிய சம்பந்தி ஞானராஜ் அவர்களுக்கும் சம்பந்தியம்மாள் ராயம்மாள் அவர்களுக்கும், ரிட்டையர்டு பார்சல் கிளார்க் அல்போன்ஸ் கைகூப்பி எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் இங்கு நான், மதலேனம்மாள், மகன், உங்கள் மகள் செசிலி, பேரன், ஐம்பது நாளான பேத்தி, பசு எல்லோரும் சுகம். மாமரமும் சுகம். அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. உங்கள் கண் ஆறிவருகிறது என்று கேள்விப்பட்டோம், தினமும் ஜெபமாலையில் பத்து மணியை அதற்காகவே உருட்டுகிறோம்.

இந்தக் கடிதம் கவரில் வருகிறது. பக்கம் அதிகம் என்பதால் மட்டும் அல்ல. பசை தடவியது போதாமல் அதன்மேல் சோற்றுப் பருக்கையும் வைத்துத் தேய்த்து ஒட்டப் போகிறேன். தயவுசெய்து போஸ்ட்மேன் கிருஷ்ணப்பனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டாம். சம்பந்தியம்மாள் படித்துக் காட்டட்டும், முடிந்தால் கதவைச் சாத்திக்கொண்டு.

மே மாதம் நான் எழுதிய கார்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்லத் தைரியம் இருக்காது. ஏழு வருஷம் கழித்து முதல் தடவையாக மரம் காய்த்து, பழுத்து, நான் குடும்பத்தையே உட்கார வைத்து, ஜெபம் சொல்லி, முதல் பழத்தை அறுத்து வாயில் வைத்தேன். புளிப்பு காது வரைக்கும் ஏறியது. நார் பல்லிடுக்கில் மாட்டி, சாயங்காலம் வரை தீக்குச்சியால் குத்திக்கொண்டிருந்தேன். பேரன் என் முகத்தைப் பார்த்து, "மல்கோவான்னா இதானா தாத்தா?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியில் எனக்குப் புத்தி கெட்டுப் போயிற்று. ஆறு பழத்தைப் பையில் கட்டி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பி, கையோடு ஒரு கார்டும் எழுதினேன். 'மல்கோவா என்று சொல்லி நீங்கள் கொடுத்த மரத்தின் பழம் வருகிறது, ருசி பார்க்கவும், நாரைக் கயிறு திரிக்க வைத்துக்கொள்ளவும், பெண்ணோடு கொடுத்த செடியே இப்படி என்றால்' என்று எழுதி, மேலே என்ன எழுதுவது என்று தெரியாமல் மூன்று புள்ளி வைத்துப் பெட்டியில் போட்டுவிட்டேன். அப்போதுதான் உங்களுக்குக் கண் ஆபரேஷன் ஆகிக் கட்டுப் போட்டிருந்தது என்பதும், தக்காளி ஏற்ற வந்த ஆட்கள் எதிரிலேயே கிருஷ்ணப்பன் அந்தக் கார்டை உரக்கப் படித்தார் என்பதும் மகன் வந்து சொல்லித்தான் தெரியும். "அப்புறம்?" என்று கேட்டீர்களாம். "அப்புறம் புள்ளிதான் வச்சிருக்காருங்க, மூணு" என்றாராம். நீங்கள் பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தீர்களாம். அந்த மூன்று புள்ளிக்கு அர்த்தம் என்ன என்று மதலேனம்மாள் மூன்று மாசமாகக் கேட்கிறாள். எனக்கே தெரியாது. செசிலி மாதிரி ஒரு மருமகள் இந்த ரயில்வே லைன் பக்கம் யாருக்கும் வாய்க்கவில்லை, இதை நான் மாதா படத்தின் முன்னால் நின்றும் சொல்வேன்.

அதோடு விட்டேனா. ஜூன் மாதம் மகன் உங்களைப் பார்க்க வந்துவிட்டுத் திரும்பும்போது, ஒரு கூடை மாம்பழம் கொடுத்தனுப்பினீர்கள். வைக்கோல் போட்டு அடுக்கி, ஒவ்வொன்றும் இரண்டு கையால் தூக்குகிற பருமன். வாசனை ஸ்டேஷன் வரைக்கும் போனதாகக் கேட்கீப்பர் சொன்னார். நான் தொடவில்லை. "அவர் வூட்டுப் பழத்த இந்த வூட்டுல ஒருத்தரும் வாயில வைக்கக் கூடாது" என்று சொல்லி, கூடையைக் கொண்டுபோய்ப் பசுவின் முன்னால் கவிழ்த்தேன். செசிலி மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், கையைக் காட்டி அடக்கிவிட்டேன். பசு இரண்டு நாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நாக்கை நீட்டியது.

இப்போது செடிக்கு வருகிறேன். கல்யாணம் முடிந்து மறுவீடு வந்தபோது, ஒட்டுச் செடியைப் பானையோடு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, நீங்களே குழி வெட்டி நட்டீர்கள். ஊருக்குப் போனதும் கார்டு போட்டீர்கள். 'ஒட்டு முடிச்சுக்குக் கீழே துளிர்த்தால் இரக்கம் பார்க்காமல் கிள்ளிவிடவும், கீழே இருப்பது நாட்டு மாங்கன்று, மேலே வைத்துக் கட்டியதுதான் மல்கோவா' என்று தெளிவாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கார்டு இன்றைக்கும் என் கம்பியில் இருக்கிறது. முப்பத்தோரு வருஷம் பார்சல் ஆபீசில் இருந்த கை, வந்த காகிதத்தைக் கம்பியில் குத்திவிட்டால் அந்த வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறது. நாலு மாசம் கழித்துப் பார்த்தால், நான் மண் அணைத்து அணைத்து முடிச்சு மூடிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து ஒரு துளிர் தளதளவென்று கிளம்பி நின்றது. பக்கத்தில் பழைய தண்டு நாலு இலையோடு நோஞ்சானாக இருந்தது. இந்த நோஞ்சான்தான் சத்தையெல்லாம் இழுக்கிறான் என்று நானே விசாரித்து நானே தீர்ப்பு எழுதி, சவரம் செய்கிற பிளேடால் அறுத்துப் போட்டேன். அன்றைக்கே உங்களுக்கு, 'செடி இரண்டாகக் கிளைத்தது, மெலிந்ததை நீக்கிவிட்டேன், தடித்தது செழிப்பாக உள்ளது' என்று பெருமையாகக் கார்டும் போட்டேன். நீங்கள் விலாசம் எழுதும் பக்கத்தில்கூட இடம் விடாமல் அவரை பூத்தது, கத்தரியில் புழு விழுந்தது என்று எழுதுகிறவர். அதற்கு மட்டும் 'சந்தோஷம். தண்ணீர் விடவும்' என்று மூன்றே வார்த்தையில் பதில் போட்டீர்கள். அப்போதே கண்ணில் புரை இருந்து, சரியாகப் படித்திருக்க மாட்டீர்கள். படித்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பீர்கள், எனக்கும் இத்தனை வருஷம் மிஞ்சியிருக்கும். குற்றம் சொல்லவில்லை, மனசில் பட்டது.

அதற்குப் பிறகு அந்த நாட்டு மாவுக்கு நான் செய்த ஊழியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். மழை பொய்த்த வருஷங்களில் வீட்டில் யாரும் குளியலறையில் குளிக்கக் கூடாது, மரத்தடியில் கல்லைப் போட்டு அதன்மேல் நின்றுதான் குளிக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். மகன் புதுமாப்பிள்ளை, கூச்சப்பட்டுக்கொண்டு நடுவில் சேலையைக் கட்டிக் குளித்தான். பாத்திரம் கழுவிய தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். நாலாம் வருஷமும் காய்க்காமல் போகவே, யாரோ சொன்னார்கள் என்று அரிவாளோடு மிரட்டுகிற வைத்தியமும் செய்தேன். நான் வெட்டப் போகிறேன் என்று ஓங்க வேண்டும், மதலேனம்மாள் குறுக்கே வந்து, வேண்டாம் அடுத்த வருஷம் காய்க்கும் என்று மரத்துக்கு ஜாமீன் சொல்ல வேண்டும். நான் ஓங்கிக்கொண்டு நிற்கிறேன், அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "வெட்டுங்க, துணி காய வெயிலாவது வரட்டும்" என்கிறாள். ஓங்கிய அரிவாளைக் கீழே இறக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கடைசியில் பக்கத்திலிருந்த கறிவேப்பிலை மரத்தில் இரண்டு கிளையைக் கழித்துவிட்டு உள்ளே வந்தேன்.

போன வாரம் பக்கத்து வீட்டில் சப்போட்டா ஒட்டுக் கட்ட மாது என்று ஒரு ஆள் வந்திருந்தார். கை தேர்ந்தவர். நம் மரத்தைக் காட்டி, இந்தச் சாதி மல்கோவாவை எங்கே வாங்கினால் இப்படி ஏமாறலாம் என்று கேலியாகக் கேட்டேன். அவர் சுற்றிவந்து பார்த்தார்.

"ஏனுங்க, இதுல ஒட்டு எங்கீங்க?"

"இதுதான் ஒட்டு."

குந்தி உட்கார்ந்து அடிமண்ணைக் கையால் தள்ளினார். பட்டைக்குள் பாதி மூடிய ஒரு கட்டை விரல் அளவு முண்டு தெரிந்தது. "மல்கோவா செத்து ஆறு வருசத்துக்கு மேல ஆச்சுங்க. இது அதுக்குக் கீழ குடியிருந்தது. ஆடு கடிச்சிருந்தா இப்படி நேரா இருக்காது. ஆரோ வெவரம் கெட்டவங்க பிளேடு வச்சு அறுத்திருக்காங்க."

"ஆருன்னு தெரியலியே" என்று சொன்னேன், சம்பந்தி. வாய் தானாகச் சொல்லிவிட்டது. உள்ளே போய்க் கம்பியை இறக்கி உங்கள் பழைய கார்டைப் படித்தேன். இரக்கம் பார்க்காமல் கிள்ளிவிடவும் என்ற இடத்தில் அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியார் வெகுநேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆக, மாங்கா விஷயம்தானே?" என்றார். இல்லைங்க சாமி, மனுஷன் விஷயம் என்றேன். மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டு, சம்பந்திக்கு ஒரு லெட்டர் எழுதச் சொன்னார். கார்டா கவரா என்று கேட்டேன். அவர் ஆசீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

எனக்கு எது பெரிய தண்டனை என்றால், மூன்று மாசமாக உங்கள் கார்டு வராததுதான். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து போய் நின்றுவிட்டு, சும்மா வந்தது போலத் திரும்பி வருகிறேன். தோட்டமா நிற்கிறது, அது பாட்டுக்குக் காய்க்கிறது. புடலைக்குக் கல் கட்டி ஒரு காய் ஐந்து அடி நேராக இறங்கியிருக்கிறது, யாரிடம் சொல்வது? மகனிடம் சொன்னால் "சரிங்கப்பா" என்கிறான். மதலேனம்மாளிடம் சொன்னால் "பொரியலா, கூட்டா" என்கிறாள். பூசணி கூரையில் ஏறி அந்தப் பக்கம் இறங்கி இருபத்திரண்டு காய் விட்டிருக்கிறது. மிளகாயில் இலை சுருட்டிக்கொண்டது, சாம்பல் தூவலாமா என்று உங்களைக் கேட்க வேண்டும். ஐப்பசியில் தக்காளி நாற்று விடலாம் என்று யோசனை, அதற்கும் உங்கள் வார்த்தை வேண்டும். இதையெல்லாம் அவ்வப்போது கார்டில் எழுதி, பெட்டியில் போடக் கை வராமல் என் கம்பியிலேயே குத்தி வைத்திருக்கிறேன். ஒன்பது கார்டு ஆகிவிட்டது. எனக்கு நானே தபால் போட்டுக்கொள்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

பேத்தி பிறந்தபோது சம்பந்தியம்மாள் வந்து பத்து நாள் இருந்து எல்லாம் பார்த்தார்கள். அந்த மரத்துக் கிளையில்தான் பிள்ளைத் துணி காயப் போட்டார்கள், ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை. நீங்கள் வரவில்லை. கண் காரணம் என்றார்கள், நானும் தலையாட்டினேன். வருகிற 11-ந் தேதி, மாதா திருநாளுக்கு அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம். மகன் அச்சடித்த பத்திரிகை அனுப்பியிருக்கிறான், உங்களிடமிருந்து பதில் இல்லை. இரண்டு தடவை தள்ளிப் போட்டோம், இனித் தள்ள முடியாது என்று சாமியார் சொல்லிவிட்டார். பேத்திக்கு ஞானத்தகப்பன் நீங்கள்தான். ரிஜிஸ்தரில் அந்த இடத்தைக் காலியாக விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வராவிட்டால் அங்கே யாருடைய பேரும் எழுத எனக்கு மனசு வராது. நான் செய்தது தப்பு. கார்டு தப்பு, புள்ளி தப்பு, கூடை தப்பு, எல்லாவற்றுக்கும் முதலில் பிளேடு தப்பு. என்னை மன்னிக்க வேண்டும். நீங்கள் வந்து அந்த மரத்தைப் பார்த்து மறுபடி வருத்தப்படக் கூடாது என்று, வருகிற சனிக்கிழமையே ஆள் வைத்து அடியோடு வெட்டிவிட ஏற்பாடு செய்திருக்கிறேன்.

சம்பந்தியம்மாளுக்கு மதலேனம்மாள் வணக்கம் சொல்லச் சொன்னாள். உங்கள் கொல்லையில் இலை, பூ, பிஞ்சு அனைத்துக்கும் என் விசாரிப்பு. தேவமாதா உங்கள் கண்ணையும் கிணற்றையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த சம்பந்தி
அல்போன்ஸ்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால், புள்ளி வைத்துக் காயப்படுத்தியது அவளையும்தானே என்று செசிலியிடம் கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு படித்தாள். பாதியில் சிரித்தாள், கூடை வந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாமா, நீங்க அறுத்துப் போட்டது அப்பாவுக்கு அன்னிக்கே தெரியும். அந்தக் கார்டப் படிச்சதுமே புரிஞ்சிருச்சு. ஆசையா வளர்க்கிற மனுசங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டாரு. அந்த மழையிலேயே வேற ஒட்டு கட்டி, சம்மந்தி மரம்னு உங்க பேர் சொல்லி எங்க கொல்லையில நட்டாரு. நல்லாக் காய்ச்சதும் பழத்தக் கொண்டாந்து குடுத்துட்டு விசயத்தச் சொல்றேன்னு, எங்களையெல்லாம் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. ஜூன்ல வந்தது உங்க மரத்துப் பழந்தான் மாமா" என்றாள். உங்களுக்குக் கோபமே இல்லையாம். ஆறு வருஷம் ஒரு மனுஷனை வீணாகத் தண்ணீர் ஊற்ற விட்டோமே என்று என் முகத்தில் விழிக்க வெட்கப்படுகிறீர்களாம். பத்திரிகை அச்சில்தான் வந்தது, என் கையெழுத்தில் ஒரு வரி வரவில்லையே என்று காத்திருக்கிறீர்களாம்.

ஆகவே மேலே எழுதிய நாலு பக்கமும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான், படிக்க வேண்டியதில்லை. சம்பந்தியம்மாள் தொண்டை நோகப் படித்திருந்தால் மன்னிக்கவும். மரத்தையும் வெட்டப் போவதில்லை, வளர்ந்த மரத்தின் மேலேயே ஒட்டுக் கட்டலாம் என்று மாது சொல்கிறார். வரும்போது அங்கே நிற்கும் என் மரத்திலிருந்து நாலு குச்சி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வாருங்கள். பிளேடை மதலேனம்மாள் எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள், நான் இரண்டு நாளாகச் சவரம் செய்யவில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்த வீட்டில், கூடையில் வந்த என் பழத்தைத் தின்றது பசு ஒன்றுதான், அது ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறது. பழம் எப்படி இருந்தது என்று நீங்கள் வருவதற்கு முன்னால் ஒரு வரி எழுதுங்கள். கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள், கிருஷ்ணப்பன் உரக்கப் படித்தால் படிக்கட்டும்.