‘ம்’ கொட்டியவர்

"நோயாளி பெண். வாய் ஓயாமல் பேசுகிறார். மகள் போன் செய்வதில்லை என்று நான்கு முறை சொன்னார். ஆலோசகர் பொறுமையாக ‘ம்’ கொட்டிக் கேட்டார். அருமை."

திரையில் இதைப் படித்த மனநல ஆலோசகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெண் வேறு யாருமல்ல, அவரேதான்! ‘ம்’ கொட்டியவர் லிஃப்ட் மெக்கானிக். மனைவி இறந்ததிலிருந்து தூக்கமில்லை என்று படிவத்தில் எழுதிக் கொடுத்து வருகிறவர். ஐந்து வாரமாக அந்த ஓர் எழுத்தைத் தவிர எதுவும் பேசாதவர். அவரைப் பேச வைக்கத்தான் ஆலோசகர் தன் வீட்டுக் கதையையெல்லாம் எடுத்துவிட்டிருந்தார்.

குறிப்பெழுதும் செயற்கை நுண்ணறிவு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அறையில் பேசுவதை, வருகிறவரின் சம்மதத்தோடு கேட்டு, அதுவே எழுதிவிடும். அதைப் பார்த்துத்தான் சிகிச்சையைத் தொடர்வதா முடிப்பதா என்று தலைமை மருத்துவர் தீர்மானிப்பார்.

"யாரு ‘ம்’ கொட்டுறாங்களோ அவங்கதான் ஆலோசகர்னு அது நினைச்சுக்குது மேடம்," என்றாள் வரவேற்பு மேசைப் பெண். "நீங்க கொஞ்சம் வாயை மூடிட்டு இருந்தா சரியாப் போயிடும்."

சொன்ன விதம் பிடிக்கவில்லை. யோசனை பிடித்தது.

அடுத்த வாரம் ஆலோசகர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ம்?" என்றார்.

"ம்," என்றார் மெக்கானிக்.

"ம்ம்."

"ம்."

இப்படியே நாற்பது நிமிடம்! சுவர்க் கடிகாரம்தான் அதிகம் பேசியது. கிளம்பும்போது மெக்கானிக் வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

குறிப்பு வந்தது: "இரண்டு ஆலோசகர்கள் சந்தித்தனர். நோயாளி வரவில்லை. சிகிச்சையை முடித்துக்கொள்ளலாம்."

"அடப்பாவி!"

ஆலோசகர் வரவேற்பு மேசைக்கு ஓடினார்.

"அதை டாக்டருக்கு அனுப்பாதே! அந்த மனுஷன் இன்னும் ஒரு வார்த்தை பேசல. இப்பப் போய்க் கைவிட்டா அவருக்கு வேற யாரு இருக்கா?" சொல்லும்போதே அவருக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

"பதறாதீங்க மேடம். அடுத்த வாரமும் வரேன்னு இப்பத்தான் சொல்லிட்டுப் போறாரு."

"பேசினாரா? உன்கிட்டயா? என்ன சொன்னாரு?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"‘எனக்கு மூணு வாரமா நல்லாத் தூக்கம் வருதும்மா, அந்தம்மாதான் இன்னிக்கு வாயே தொறக்கல, பாவம், நானும் வரலன்னா அவங்களுக்கு யாரு ‘ம்’ கொட்டுவா’ன்னு கேட்டாரு மேடம்."